அக்ரிகல்ச்சர் வகுப்பில் பூ அலங்காரப் போட்டியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் அமெரிக்க ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு எஃப்எஃப்ஏ என்ற விவசாய மாணவர் அமைப்பு நடத்தும் பூ அலங்காரப் போட்டியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதி பெற்றோர் எழுதியவை, பாதி பிள்ளைகளே எழுதியவை. பிள்ளைகளின் கேள்விகள்தான் தெளிவாக இருந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பாள் என்று பார்த்தால் அக்ரிகல்ச்சர் எடுத்திருக்கிறாள். அதிலும் மாடு, சோளம் என்று ஒன்றும் இல்லை, ரோஜாவை வெட்டி வெட்டிச் சொருகிக்கொண்டிருக்கிறாள், மாநிலப் போட்டிக்குப் போகணும் என்கிறாள். இதற்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்?
— ஓர் அப்பா, டெக்சாஸ்

பதில்: சம்பந்தம் நிறைய இருக்கிறது சார். பூ ஒரு பயிர். விதை, நாற்று, பசுமைக்குடில், பூச்சி, அறுவடை, குளிர்ப்பதனம், லாரி, விலை எல்லாம் தக்காளிக்கு இருப்பது போலவே பூவுக்கும் உண்டு, தக்காளியைவிடச் சீக்கிரம் வீணாகும் என்பதால் தலைவலி இன்னும் அதிகம். இன்றைக்கு அமெரிக்கக் கடைகளில் விற்கும் கொய்மலர்களில் பெரும்பகுதி கொலம்பியாவிலும் எக்வடோரிலும் விளைந்து, விமானத்தில் மயாமி வந்து இறங்குபவை. கொக்கெய்ன் போதைப்பொருளுக்கு மூலமான கோக்கா பயிரிடுவதை விட்டு வேறு பயிருக்கு விவசாயிகள் மாறட்டும் என்று 1991-ல் ஆண்டிஸ் மலைநாடுகள் சிலவற்றுக்கு அமெரிக்கா வரிச்சலுகை கொடுத்தது, அந்தச் சலுகையில் அங்கே பூ விவசாயம் நன்றாக வளர்ந்தது, இங்கே ரோஜாவும் கார்னேஷனும் வளர்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர் தொழிலை விட்டார்கள். உங்கள் மகள் கையில் இருக்கும் அந்த ஒரு ரோஜாவுக்குப் பின்னால் இவ்வளவு கதை. அதை விவசாய வகுப்பில் சொல்லித்தராமல் வேறு எங்கே சொல்லித்தருவது?

எஃப்எஃப்ஏ என்பது 1928-ல் மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் தொடங்கிய மாணவர் அமைப்பு. விவசாயம் என்றால் பண்ணை மட்டும் இல்லை என்று ஆனபிறகு 1988-ல் பெயரை நேஷனல் எஃப்எஃப்ஏ ஆர்கனைசேஷன் என்று மாற்றினார்கள். 10 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அதில் நகரத்துப் பிள்ளைகளும் ஏராளம். இவர்கள் நடத்தும் தொழில்திறன் போட்டிகளில் மாடு மதிப்பிடுவது, மண் ஆராய்வது, டிராக்டர் பழுதுபார்ப்பது போல மலர் வளர்ப்பும் ஒன்று, அதில் ஒரு பகுதிதான் பூ அலங்காரம். சில மாநிலங்களில் பூ அலங்காரத்துக்கே தனிப்போட்டி வைக்கிறார்கள்.

டெக்சாஸில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. அங்கே ஃப்ளோரல் டிசைன் பாடம் எடுத்தால், ஹைஸ்கூல் படிப்பை முடிக்கத் தேவையான நுண்கலை கிரெடிட்டாக அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அங்குள்ள மாநிலப் பூக்கடைக்காரர் சங்கம் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கே சான்றிதழ்த் தேர்வும் நடத்துகிறது. ஆக, மகள் நேரத்தை வீணாக்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கும் ஓடிப்போகாது, அடுத்த வருடம் எடுக்கட்டும்.

கேள்வி: வணக்கம் ஆன்ட்டி. நான் பத்தாம் வகுப்பு. எங்கள் டீச்சர் என்னை டீமில் சேர்த்துவிட்டார். பூ அடுக்கினால் போதும் என்று நினைத்துத் தலையாட்டினேன், இப்போது பெரிய ஃபைல் ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். போட்டியில் உண்மையில் என்னென்ன இருக்கும்?

பதில்: உன் டீச்சர் சரியாகத்தான் செய்திருக்கிறார். மலர் வளர்ப்புப் போட்டியில் ஒரு குழுவுக்கு நான்கு பேர். பூ அடுக்குவது அதில் ஒரு துண்டுதான். செடி, பூ, இலை, பூச்சி, கருவி என்று வரிசையாக வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றையும் பார்த்துப் பெயர் எழுத வேண்டும். அப்புறம் பொது அறிவுத் தேர்வு ஒன்று, செடிக்கு நீர், ஒளி, உரம், நோய், பூவை வாடாமல் வைப்பது, வடிவமைப்பு விதிகள் எல்லாம் அதில் வரும். செய்முறையில் ஒரு வருடம் குவளை அலங்காரம், ஒரு வருடம் கார்சேஜ் (உடையிலோ மணிக்கட்டிலோ அணியும் சின்னப் பூச்செண்டு), ஒரு வருடம் செடியைப் பதியம் போடுவது என்று மாறும். கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறாய் என்று நடித்துக் காட்டச் சொல்வதும் உண்டு, கோபமாக வந்தவரைச் சமாளிக்கும் காட்சியாகக்கூட இருக்கலாம். குழுவாகச் சேர்ந்து செய்யும் வேலையும் இருக்கும்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, வருடத்துக்கு வருடமும் மாறும். அதனால் போன வருடம் ஜெயித்த அக்கா சொன்னாள் என்று எதையும் நம்பாதே, உன் மாநிலத்தின் இந்த வருடக் கையேட்டை எடுத்து வைத்துக்கொள். மாநிலத்தில் முதலிடம் வந்த குழு, இலையுதிர் காலத்தில் இண்டியானபொலிஸில் நடக்கும் தேசிய மாநாட்டுக்குப் போகும். அதை இப்போது நினைக்காதே, முதலில் ஃபைலைத் திற.

கேள்வி: என் பெண்ணுக்கு அவள் பாட்டி சின்ன வயதிலேயே பூக்கட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டு கட்டுவாள். இந்தப் போட்டியில் இது அவளுக்கு உதவுமா? பயிற்சியில் அவள் செய்ததைப் பார்த்து ஆசிரியை "ரொம்ப அடர்த்தி" என்று சொல்லி பாதிப் பூவைப் பிடுங்கிவிட்டாராம். அழுதுகொண்டே வந்தாள்.
— ஓர் அம்மா, கலிஃபோர்னியா

பதில்: விரல்களுக்கு உதவும், கண்ணுக்கு உதவாது. காம்பை நசுக்காமல் பிடிக்கத் தெரிந்த கை அவளுக்கு வந்துவிட்டது, கார்சேஜ் செய்யும்போது மற்ற பிள்ளைகள் பத்து நிமிடம் தடுமாறும் இடத்தை இவள் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவாள். ஆனால் நெருக்கமாகக் கட்டிய சரம்தான் அழகு என்று பழகிய கண் இந்தப் போட்டிக்கு எதிராக வேலை செய்யும். இங்கே பூவுக்கும் பூவுக்கும் நடுவில் விடுகிற வெற்றிடத்துக்கும் மதிப்பெண் இருக்கிறது. ஒவ்வொரு பூவும் தனியாக முகம் காட்ட வேண்டும், இரண்டு பூ ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஆசிரியை பிடுங்கியது சரி. பிடுங்கும் முன் ஏன் என்று சொல்லியிருக்கலாம், அது வேறு விஷயம்.

அவளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள். பூக்களை நான்கு வேலைக்காரர்களாகப் பிரிக்க வேண்டும். நெட்டையாக நின்று வடிவத்தின் எல்லையைக் காட்டுபவை கோட்டுப் பூக்கள்: கிளாடியோலஸ், ஸ்னாப்டிராகன், லார்க்ஸ்பர், ஸ்டாக். ஒரு காம்புக்கு ஒரு உருண்டைத் தலையாக இருந்து உடம்பை நிரப்புபவை ரோஜா, கார்னேஷன், சாமந்தி. லில்லி, ஆர்க்கிட், ஐரிஸ், பேர்ட் ஆஃப் பாரடைஸ் மாதிரி வடிவத்தாலேயே கண்ணை இழுப்பவை மூன்றாவது வகை, அவற்றை ஒன்றிரண்டு வைத்தால் போதும், கூட வைத்தால் சண்டை போடும். கடைசியாக இடைவெளியை மிருதுவாக்கும் ஜிப்சோஃபிலா, ஸ்டாடிஸ், வேக்ஸ்ஃபிளவர் போன்ற நிரப்புப் பூக்கள். நம் பிள்ளைகள் எல்லாரும் இந்த நாலாவது வகையை அள்ளிப் போடுகிறார்கள், நான் நடுவராக உட்காரும் உள்ளூர்ப் போட்டிகளில் இதைப் பார்க்காமல் வந்ததே இல்லை.

உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. குவளையின் உயரம் அல்லது அகலம், எது பெரியதோ அதைப்போல் ஒன்றரை மடங்காவது அலங்காரம் எழும்ப வேண்டும். எட்டு அங்குலக் குவளை என்றால் பூக்கள் விளிம்புக்கு மேல் பன்னிரண்டு அங்குலம் போகும். எல்லாக் காம்புகளும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி விரிவது போலத் தெரியணும், நேராக நட்ட வேலிக்கம்பு மாதிரி நிற்கக் கூடாது. மொட்டும் சின்னப் பூவும் மேலே, ஓரத்தில். நன்றாக விரிந்ததும் கறுத்த நிறமும் கீழே, நடுவில், ஏனென்றால் கறுத்த நிறம் கண்ணுக்குக் கனமாகத் தெரியும், மேலே வைத்தால் முழுவதும் கவிழ்ந்துவிடும் போலத் தோன்றும். வட்டம், சம முக்கோணம், ஒருபக்கச் சாய்வான முக்கோணம், பிறை, அப்புறம் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் பெயரில் வழங்கும் எஸ் வளைவு, இவற்றின் வரைகோட்டை முதலில் பேப்பரில் போடச் சொல்லுங்கள். பூவைத் தொடாமல் ஒரு வாரம் வரைந்தாலும் நஷ்டமில்லை.

பாட்டிக்கு நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆன்ட்டி, என் அலங்காரம் செய்து முடித்ததும் நன்றாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் சாய்கிறது, ரோஜா தலையைத் தொங்கப்போடுகிறது. போன தடவை காம்புகளைச் சொருகும் பச்சை ஃபோம் கட்டியே நடுவில் உடைந்துபோனது. என்ன தப்பு செய்கிறேன்?
— பதினோராம் வகுப்பு, ஜார்ஜியா

பதில்: உன் கடிதத்தில் மூன்று தனித்தனி வியாதி இருக்கிறது.

முதலில் ஃபோம். அதைத் தண்ணீரில் கையால் அழுத்தி முக்குகிறாய், சரியா? அப்படி அமுக்கினால் வெளியே மட்டும் நனையும், உள்ளே காற்று மாட்டிக்கொண்டு காய்ந்த பொட்டு இருக்கும், அந்த இடத்தில் சொருகிய பூவுக்குத் தண்ணீரே கிடைக்காது. அகலமான வாளியில் தண்ணீர் வைத்து ஃபோமை மேலே மிதக்க விடு, அதுவே குடித்துக் குடித்து மூழ்கும். குவளை விளிம்புக்கு மேல் ஓர் அங்குலம் ஃபோம் தெரியும்படி வெட்டி வைத்தால்தான் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் காம்பு சொருக முடியும். ஒரு மூலையைச் சீவி விடு, பின்னால் தண்ணீர் ஊற்ற வழி வேண்டும். குவளையோடு சேர்த்து மேலே டேப் ஒட்டு. ஃபோம் உடைவது ஏன் என்றால், ஒரே இடத்தில் சொருகிப் பிடுங்கிச் சொருகிப் பிடுங்குவதால்தான். சொருகிய காம்பை லேசாக மேலே இழுத்தாலும் அதன் அடியில் காற்றுக்குழி வந்துவிடும், இழுக்கணும் என்றால் முழுதாக எடுத்து வேறு இடத்தில் குத்து. குத்தும் முன் யோசி.

சாய்வது சமநிலைப் பிரச்சினை. முன்பக்கமே எல்லாவற்றையும் சொருகிவிட்டுப் பின்பக்கத்தை இலையால் மூடுகிறாய் என்று நினைக்கிறேன். பின்னாலும் எடை வேண்டும். மேசையின் விளிம்புக்குக் குனிந்து, பூ மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து நாலு பக்கமும் பார். நடுவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், சிலர் குவளையை மெதுவாக ஆட்டிக்கூடப் பார்ப்பார்கள். ஃபோம் வெளியே தெரிகிறதா, டேப் தெரிகிறதா, காம்பு ஆடுகிறதா என்பதெல்லாம் மதிப்பெண். நிறம் பற்றி அவர்கள் யோசிப்பது அதற்கு அப்புறம்தான்.

ரோஜா தலை தொங்குவதற்குக் காரணம் அலங்காரத்துக்கு முந்தின நாளில் இருக்கிறது. காம்புக்குள் இருக்கும் நீர்க்குழாயில் காற்றோ பாக்டீரியாவோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் கழுத்துவரை ஏறாது. பூ வந்தவுடன் தண்ணீரில் மூழ்கும் இலைகளை எல்லாம் உருவு, கூர்மையான கத்தியால் காம்பின் அடியைச் சாய்வாக வெட்டு, முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே வைத்து வெட்டு. மழுங்கின கத்தரிக்கோல் குழாயை நசுக்கிவிடும். சுத்தமான வாளியில் பூ உணவு கலந்த தண்ணீரில் சில மணி நேரம் நிற்கட்டும். அந்தப் பூ உணவுப் பொடியில் மூன்று சமாச்சாரம்: சர்க்கரை பூவுக்கு, அமிலம் தண்ணீர் சுலபமாக ஏறுவதற்கு, கிருமிநாசினி தண்ணீர் நாறாமல் இருப்பதற்கு. தேர்வில் இதைக் கேட்பார்கள். தொங்கிவிட்ட ரோஜாவையும் மீட்கலாம், காம்பை மறுபடி வெட்டி, முழுப் பூவையும் வெதுவெதுப்பான தண்ணீரில் படுக்கப் போட்டு வை, பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

பூ வாளியை ஆப்பிள், வாழைப்பழம் இருக்கும் ஃபிரிட்ஜில் வைக்காதே. பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷனைச் சுருட்டித் தூங்கவைத்துவிடும். ரோஜா, கார்னேஷன் எல்லாம் ஒன்றிலிருந்து மூன்று டிகிரி செல்சியஸ் குளிரில் சுகமாக இருக்கும், ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும் அந்தக் குளிரில் கறுத்துப்போகும், அவற்றுக்குப் பத்து டிகிரிக்கு மேல் வேண்டும். டாஃபடில் வெட்டினால் அதன் வழவழப்பான பால் மற்றப் பூக்களைக் கெடுக்கும், தனி வாளியில் ஊறவைத்த பிறகே சேர்.

கேள்வி: கார்சேஜ் செய்யும்போது டேப் ஒட்டவே மாட்டேன் என்கிறது. பிசின் இல்லாத டேப்பை வாங்கிவிட்டேனா? ஒயர் நம்பரும் குழப்புகிறது.

பதில்: டேப் நல்ல டேப்தான், நீ இழுக்கவில்லை. அது மெழுகு பூசிய காகிதம், இழுத்தால்தான் ஒட்டும் தன்மை வெளியே வரும். ஒரு கையால் பூவை உருட்டு, மறு கையால் டேப்பை நன்றாக இழுத்துச் சாய்வாகக் கீழ்நோக்கி விடு. தடியாகச் சுற்றினால் கார்சேஜ் கட்டைவிரல் பருமனுக்கு வந்துவிடும், ஒற்றைச் சுற்றில் ஒயரை மூடப் பழகு.

ஒயருக்கு எண் ஏற ஏற மெலிசு. பதினெட்டு தடிமன், முப்பது நூல் மாதிரி. ரோஜா, கார்னேஷன் போலப் பூவுக்கு அடியில் தடித்த பச்சைப் பகுதி இருந்தால் அதில் குறுக்கே ஒயரைக் குத்தி இரண்டு முனையையும் கீழே மடக்கு. டெய்சி மாதிரித் தட்டைப் பூவுக்கு ஒயரின் நுனியைக் கொக்கியாக வளைத்து, மேலிருந்து நடுவில் இறக்கு. இலைக்குப் பின்பக்கம் ஒரு சின்னத் தையல் போட்டுக் கொண்டை ஊசி மாதிரி மடக்கு. ஆண்கள் கோட்டில் குத்தும் பூட்டனியர் இடது பக்கம், பூ மேலே காம்பு கீழே. ஊசி முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மதிப்பெண் போகும், போட்டுக்கொள்பவரின் விரலும் போகும்.

கேள்வி: பூக்கள், இலைகள் பெயர்ப் பட்டியல் முடிவே இல்லாமல் போகிறது. தாவரவியல் பெயர் வேறு கேட்கிறார்களாம். எப்படி மனப்பாடம் செய்வது?

பதில்: படத்தை வைத்து மட்டும் படிக்காதே, கையால் தொட்டு, மோந்து படி. ஸ்டாக் பூவையும் ஸ்னாப்டிராகனையும் தூரத்தில் பார்த்துக் குழம்புவார்கள், பக்கத்தில் போனால் ஸ்டாக்கில் கிராம்பு வாசம் அடிக்கும். குழப்பும் ஜோடிகளை முதலில் பிரித்து எழுது. போத்தோஸ், இதய இலை ஃபிலோடெண்ட்ரான் இரண்டும் ஒன்று போலவே கொடியாகத் தொங்கும். போத்தோஸின் இலைக்காம்பில் ஒரு பள்ளக்கோடு ஓடும், இலை தடிப்பாக இருக்கும். ஃபிலோடெண்ட்ரானில் புது இலை ஒரு மெல்லிய உறையிலிருந்து வெளியே வரும். லிசியாந்தஸ் விரிந்தால் ரோஜா என்று எழுதிவிடுவார்கள், காம்பைப் பார், முள் இருக்காது, இலை சாம்பல் பூத்த பச்சை. லெமன் லீஃப் என்கிற பச்சைக்கும் எலுமிச்சைக்கும் உறவே கிடையாது, அது சலால் என்னும் புதர், பசிபிக் கரையோரக் காடுகளில் வளர்வது. பெயர் ஒன்று, ஆள் வேறு என்ற கதை இந்தப் பட்டியலில் நிறைய.

உனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, வீட்டில் அம்மாவையோ பாட்டியையோ கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டு. இங்கே நர்சரியில் வின்கா என்று விற்பது நம் நித்தியகல்யாணி, கதராந்தஸ் ரோசியஸ். சிலோசியா கோழிக்கொண்டை, கோம்ஃப்ரீனா வாடாமல்லி, மேரிகோல்ட் துலுக்கச் சாமந்தி. தெரிந்த முகத்துக்குப் புதுப் பெயர் ஒட்டுவது சுலபம். பூச்சியும் அப்படித்தான், மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், செஞ்சிலந்தி எல்லாம் தோட்டம் வைத்திருக்கிற எந்த வீட்டிலும் தெரிந்தவை.

எழுத்துப்பிழைக்குச் சில மாநிலங்களில் மதிப்பெண் குறைப்பார்கள். ஆக, வாயால் சொல்லிப் பார்ப்பது போதாது, எழுதிப் பார்.

கேள்வி: அலங்காரத்துக்கு விலை போடச் சொல்லும் கணக்கில் எப்போதும் கோட்டை விடுகிறேன். கணக்குப் பாடத்தில் எனக்கு ஏ கிரேடு, இங்கே மட்டும் ஏன்?

பதில்: கணக்கு தெரிவதால்தான். கொத்து விலையையும் ஒற்றைக் காம்பு விலையையும் படிக்காமலே பெருக்க ஆரம்பித்துவிடுகிறாய்.

ஒரு மாதிரிக் கணக்கு. ரோஜா 25 காம்பு கொத்து 30 டாலர், ஆக ஒன்று 1.20. உன் அலங்காரத்தில் ஐந்து ரோஜா, 6 டாலர். இலைகள் 2, ஜிப்சோஃபிலா 2. பூப்பொருள் மொத்தம் 10 டாலர். குவளை 4, ஃபோமும் டேப்பும் 1, ஆக உலர்பொருள் 5 டாலர். பூவுக்கு மூன்று மடங்கு, உலர்பொருளுக்கு இரண்டு மடங்கு என்று விதி கொடுத்திருந்தால் 30-ம் 10-ம் சேர்ந்து 40. அதன்மேல் கூலி இருபது சதவீதம், 8 டாலர். விற்பனை விலை 48. வரி கேட்டால் கடைசியில் சேர். மடங்கும் கூலி சதவீதமும் கடைக்குக் கடை மாறும், போட்டித்தாளில் என்ன கொடுத்திருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும்.

பூவுக்கு மட்டும் ஏன் மூன்று மடங்கு என்று கேட்பாய். குவளை விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கும், ரோஜா விற்காவிட்டால் குப்பைக்குப் போகும். அந்தக் குப்பைக்கான காசும் விற்கிற பூவின் தலையில்தான் ஏறுகிறது.

கேள்வி: எங்கள் டீமில் நான் மட்டும்தான் பையன். டிராக்டர் டீமில் இருக்கும் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: அவர்கள் போட்டிருக்கும் அதே எஃப்எஃப்ஏ சீருடை, நீலக் கார்டுராய் ஜாக்கெட்டைத்தானே தம்பி நீயும் போட்டிருக்கிறாய்? 1969 வரைக்கும் தேசிய அளவில் பெண் பிள்ளைகளை இந்த அமைப்பில் சேர்க்கவே இல்லை, அதாவது தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் இது பையன்கள் மட்டுமே இருந்த இடம். பூத்தொழிலிலும் பண்ணை முதலாளி, மொத்த வியாபாரி, வடிவமைப்பாளர் என்று ஆண்கள் நிறைய இருக்கிறார்கள். கிண்டல் செய்பவனை ஒரு கார்சேஜ் செய்து காட்டச் சொல். பள்ளியில் நடக்கும் ஹோம்கமிங் நடனத்துக்கு முந்தின நாள் அவனே உன்னிடம் வருவான், அப்போது சலுகை விலை கொடுக்காதே.

கேள்வி: பச்சை ஃபோம் பிளாஸ்டிக்தானே? சுற்றுச்சூழல் பேசும் பிள்ளைகள் கையில் அதைக் கொடுப்பது சரியா?
— ஒரு வாசகி, ஓரிகன்

பதில்: ஆமாம், பீனால் ஃபார்மால்டிஹைட் பிசினில் செய்தது. 1950-களில் ஒஹையோ மாநிலத்து ஸ்மிதர்ஸ் நிறுவனம் ஒயாசிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது, அது வந்தபிறகுதான் எந்தக் கோணத்திலும் பூவைச் சொருகி நிறுத்தும் பாணியே பரவியது. ஆனால் உதிர்ந்தால் நுண்துகளாகி வடிகாலில் போகிறது, மக்குவதில்லை. இங்கிலாந்தில் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் செல்சீ மலர்க்கண்காட்சி உட்படத் தன் கண்காட்சிகளில் ஃபோமைத் தடை செய்துவிட்டது.

என் கருத்து இதுதான். போட்டியில் ஃபோம் கொடுத்தால் பிள்ளை அதில் செய்யட்டும், அங்கே போய்க் கொள்கை பேசினால் அந்த நிமிடங்களை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். பயிற்சிக்கு மட்டும் வேறு வழி பழகட்டும். குவளை வாயில் டேப்பைக் கட்டம் கட்டமாக ஒட்டலாம், கோழிவலையைச் சுருட்டி உள்ளே வைக்கலாம், காம்பைக் குத்தி நிறுத்தும் ஊசிகள் உள்ள முள் தட்டு வைக்கலாம். இவற்றில் நிறுத்தப் பழகிய பிள்ளைக்கு ஃபோம் ரொம்பச் சுலபம். ஃபோம் நனைத்த தண்ணீரை சிங்க்கில் கொட்ட வேண்டாம், துணியில் வடிகட்டித் துகளைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். விதியை மாற்றச் சொல்லி மாநில அமைப்புக்கு எழுதுவதென்றால் போட்டி முடிந்தபிறகு தாராளமாக எழுதலாம், அதைப் பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி: மாவட்டப் போட்டியில் என் மகளின் அலங்காரம்தான் பார்க்க எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது, போட்டோ இருக்கிறது. அவளுக்கு ஆறாவது இடம். நடுவரிடம் நான் பேசலாமா?

பதில்: கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஆசிரியர் மூலமாக, விதியில் சொன்ன நேரத்துக்குள் கேட்க வேண்டும். நடுவர் பக்கத்தில் நீங்கள் போய் நின்றாலே பிள்ளைக்குச் சங்கடம்.

போட்டோவைப் பார்த்தேன். நிறச்சேர்க்கை அருமை, சந்தேகமே இல்லை. ஆனால் இடது பக்கம் விளிம்பை ஒட்டி ஃபோம் தெரிகிறது, ரோஜா ஒன்றில் வெளி இதழ் காய்ந்திருக்கிறது, அதை உருவியிருக்க வேண்டும். கேட்டது சம முக்கோணம், வலது முனை இடதைவிட இரண்டு அங்குலமாவது நீளம். மதிப்பெண் தாள் குழுவுக்குக் கிடைத்திருந்தால் மகளையே படிக்கவிடுங்கள், எங்கே போனது என்று அவளுக்கு உங்களைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கேள்வி: பயிற்சிக்குப் பூ வாங்கியே பர்ஸ் காலியாகிறது. வழி உண்டா?
— இரண்டு பிள்ளைகளின் அம்மா, டெக்சாஸ்

பதில்: ரோஜாவில் பழகாதீர்கள், கார்னேஷனில் பழகட்டும். மலிவு, முள் இல்லை, திரும்பத் திரும்ப வெட்டிச் சொருகினாலும் தாங்கும். வடிவம் மட்டும் பழக மங்கின துணிப்பூ போதும். காதலர் தினம், அன்னையர் தினம் முடிந்த மறுநாள் சூப்பர்மார்க்கெட்டில் மிச்சப் பூவைக் குறைத்து விற்பார்கள், அதற்கு முந்தின வாரம் மட்டும் எதையும் வாங்காதீர்கள். பள்ளியில் பசுமைக்குடில் இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள், டிசம்பரில் பாயின்செட்டியா விற்றுக் காசு சேர்க்கும் குழுக்கள் அதில் பயிற்சிச் செலவைச் சமாளிக்கிறார்கள். இலைக்குக் காசே வேண்டாம், வீட்டு வேலியில் இருப்பதை வெட்டலாம். அரளியை மட்டும் தொட வேண்டாம், டெக்சாஸில் தெருவுக்குத் தெரு நிற்கிறது, பூவிலிருந்து காம்புவரை விஷம்.